மூன்று கேமராவிலும் ஒரே கோணல்

ஜூன் 5, திங்கள்

நேத்து என் வீட்டுக்காரி கோமளா பீரோ மேல ஒட்டடை அடிக்கிறேன் பேர்வழின்னு என் கேமராவைக் கீழே தள்ளிட்டா. "துணிமூட்டை மேலதாங்க விழுந்துச்சு, ஒண்ணும் ஆகல"ன்னு அப்பவே சாதிச்சா. ஒண்ணும் ஆகலையாம்! இன்னிக்கு சைடிங்ல தண்டவாளத்துக்கு நேரா குந்தி, கேமராவுல இருக்கிற அந்தச் சின்ன ஓட்டையில வலது கண்ணை வெச்சுப் பார்த்தேன். தண்டவாளம் நடுவுல நெளியுது. கேமராவை இறக்கிட்டு எழுந்து நின்னு பார்த்தா நேரா இருக்கு. திரும்ப ஓட்டையில பார்த்தா நெளியுது. கேங் ஆளுங்களுக்குத் தலைவன், பல வருஷமா என்கூட இருக்கிற மேட் காத்தமுத்து பக்கத்துல நின்னான், அவன்கிட்ட நீட்டினேன். "நல்லாத்தானங்கய்யா தெரியுது"ன்னான். அவனுக்குக் கேமராவைப் பத்தி என்ன தெரியும்.

விழுந்ததுல உள்ள கண்ணாடி நகர்ந்திருக்கு. வேற என்ன?

2008-ல அகலப்பாதை போட்டப்ப என் கைக்காசு போட்டு வாங்கின கேமரா. உள்ளங்கைக்குள்ள அடங்கும். ரெண்டு பென்சில் பேட்டரியில ஓடும். படத்து அடியில தேதி விழும். செல்போன்ல எடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. வெயில்ல செல்போன் திரையில என் மூஞ்சிதான் தெரியுது, தண்டவாளம் தெரியல.

ரயில்வேயில முப்பத்துநாலு வருஷம் பாதை பார்த்தேன். ரிட்டையராகி அஞ்சு வருஷமாச்சு. இப்ப அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலைக்குள்ள, மெயின் லைன்லேர்ந்து பிரிச்சுப் போடற சைடிங் லைனுக்கு கான்ட்ராக்டர் பொன்னம்பலம் என்னை சூப்பர்வைசரா வெச்சிருக்கார். வாராவாரம் தேதி போட்ட படம் அனுப்பணும். அது சும்மா சில்லறை வேலை. அவர் என்னைக் கூப்பிட்டதே கடைசி வேலைக்காகத்தான். ஜல்லி கொட்டி முடிஞ்சதும் லைனை நேர் பார்க்கணும். கன்னம் தண்டவாளத்துல படற மாதிரி குனிஞ்சு, இடது கண்ணை மூடி, வலது கண்ணால ஓட்டிப் பார்த்தேன்னா, அரை விரக்கடை கோணல் எங்க இருந்தாலும் சொல்லிடுவேன். நான் கையை ஆட்ட ஆட்ட கேங் ஆளுங்க கடப்பாறை போட்டு நெம்புவாங்க. நூல் பிடிச்சு அளக்கிறதெல்லாம் அப்புறம், பேப்பர்ல எழுதறதுக்கு. "சிகாமணி சார் கண்ணு இருக்கிற வரைக்கும் எனக்கு என்ன கவலை"ன்னு பொன்னம்பலம் எல்லார் எதிரேயும் சொல்வார். வருஷா வருஷம் ரயில்வே டாக்டர் பரிசோதிச்ச கண்ணு. ஒரு தடவை கூட ஒரு குறை எழுதினதில்ல. இந்தக் கண்ணுதான் எனக்குச் சோறு போட்டுச்சு, இன்னும் போடுது.

24-ம் தேதி நேர் பார்க்க ஆரம்பிக்கணும். ஜூலை 10 லைனை ஒப்படைக்கணும். அதுக்குள்ள ஒரு நல்ல கேமரா பார்க்கணும்.

இந்த டைரி போட்டவனையும் ஒரு நாள் கேட்கணும். கோட்டை நெளிச்சலா அச்சடிச்சிருக்கான். மார்ச்லயே இதை எழுதி வெச்சிருக்கேன்.

ஜூன் 6, செவ்வாய்

திருச்சி சிங்காரத்தோப்புல ரெஜினாம்மா கடை. ரிப்பேரும் பழைய கேமரா விற்பனையும். வீட்டுக்காரர்கிட்ட தொழில் கத்துக்கிட்டு, அவர் துபாய் போனதும் தனியாவே நடத்தறாங்க. நாப்பத்தஞ்சு வயசிருக்கும். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஓட்டையில கண்ணு வெச்சுத் தெருவைப் பார்த்தாங்க. "நேராத்தானே சார் இருக்கு"ன்னாங்க. நான் நேத்து எடுத்த படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டாங்க. அதுல தண்டவாளம் நேராத்தான் இருந்துச்சு.

"பார்த்தீங்களா? லென்ஸ் நல்லா இருக்கு. நீங்க கண்ணு வைக்கிற ஓட்டை வேற, படம் பிடிக்கிற லென்ஸ் வேற சார்."

"அதைத்தான் சொல்றேன். ஓட்டையில இருக்கிற கண்ணாடி நகர்ந்திருக்கு."

"எனக்கு நகரலையே."

"உங்களுக்குத் தண்டவாளம் பார்த்துப் பழக்கமில்லம்மா."

சிரிச்சுட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஓட்டை வெச்ச வேற கேமரா இருந்தா சொல்லுங்கன்னு நம்பர் கொடுத்துட்டு வந்தேன். இப்ப வர்ற புதுசுல எல்லாம் ஓட்டையே கிடையாதாம், பின்னாடி திரை மட்டும்தானாம். "காலம் மாறிப் போச்சு சார்"ன்னாங்க. காலம் மாறினா கண்ணை எங்க வைக்கிறது?

ஜூன் 8, வியாழன்

சைடிங் முடிஞ்சு திருச்சி வந்து இறங்கினதும், கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்குப் போனேன். குளுகுளுன்னு இருந்துச்சு, கேமராதான் நாலே நாலு. ஒண்ணு பூனைக்குட்டி சைசுல, பொட்டி மாதிரி. ஒண்ணு நல்லா சின்னது, ஆனா அதுக்குன்னு தனி பேட்டரி, சார்ஜ் போடணும். ஆலைக்குள்ள பிளக்குக்கு எங்க போறது? இன்னொண்ணு தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாதாம். நான் என்ன மீனா பிடிக்கப் போறேன்.

"ஓட்டை வெச்சது இல்லையாம்மா?"ன்னு கேட்டேன். கடைப் பெண்ணுக்கு விளங்கல. கண்ணு வெச்சுக் காட்டினேன். "ஓ, அதா! இப்ப யாரும் கேக்கறதில்ல அங்கிள், திரையிலயே பார்த்துக்கலாம்"னா. கையை நீட்டி, கேமராவை மூஞ்சிக்கு முன்னாடி தாம்பாளம் மாதிரி பிடிச்சுக்கிட்டுப் படம் எடுக்கணுமாம். கை ஆடாதா? கேட்டா அதுக்கும் உள்ள ஏதோ இருக்காம்.

வீட்டுக்கு வந்து காபி ஆத்தினேன். பாதி டபராவுக்கு வெளியே. கோமளா வந்து துடைச்சா. புது டபரா வாய் சின்னது. பழசையே எடுத்து வைன்னு சொன்னேன்.

ஜூன் 11, ஞாயிறு

வாங்கறதுக்கு முன்னாடி சோதிக்கணும். கண்ணை மூடிக்கிட்டு வாங்கினவன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது.

போன வருஷக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஸ்கேல் வெச்சு, விரக்கடைக்கு ஒரு கோடு, குறுக்கும் நெடுக்கும் இழுத்தேன். முழுக்கக் கட்டம். குறி வைக்கிறதுக்கு நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. ஹால் சுவத்துல ஒட்டினேன். இனிமே எந்தக் கேமரா வந்தாலும் இதுக்கு முன்னாடி நின்னு பதில் சொல்லணும். ரயில்வேயில எல்லாத்துக்கும் ஒரு அளவு உண்டு.

முதல்ல பழைய கேமரா. ஓட்டையில பார்த்தேன். புள்ளிக்குக் கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் கீழ, நாலஞ்சு கட்டம் கயித்துக்கட்டில் மாதிரி தொய்ஞ்சு கிடக்கு. அந்த இடத்துல லேசா அழுக்கு மாதிரியும் இருக்கு. துடைச்சுப் பார்த்தேன், போகல.

"என்னங்க இது, சுவத்துல?"ன்னு கேட்டா கோமளா.

"நீ பண்ணின கைங்கரியத்துக்கு வைத்தியம்."

"நான் துணிமூட்டை மேலதானே..."

"போதும், விடு."

முந்தானையை உதறிக்கிட்டு உள்ள போயிட்டா.

ஜூன் 13, செவ்வாய்

மழை. வேலை இல்ல. வீட்ல இன்னும் சரியான பேச்சு இல்ல. ரசத்துல உப்பு இல்ல, கேட்கவும் முடியல.

ஜூன் 16, வெள்ளி

ரெஜினாம்மா போன் பண்ணினாங்க. ஓட்டை வெச்ச பழைய கேமரா ஒண்ணு வந்திருக்காம், யாரோ கல்லூரிப் பேராசிரியர் வெச்சிருந்தது, கீறல் கூட இல்லையாம். "வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாருங்க, பிடிச்சா வெச்சுக்கங்க"ன்னாங்க. நல்ல மனுஷி, வாய்தான்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா கட்டத்துக்கு முன்னாடி நின்னேன்.

கோணல்! அதே மாதிரி தொய்வு. பேராசிரியரும் எங்கயோ கீழே போட்டிருக்கார், சொல்லாம வித்திருக்கார். படிச்சவன் பண்ற வேலையா இது?

ஜூன் 17, சனி

கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ரெஜினாம்மா வேற ஒண்ணு எடுத்துக் கொடுத்தாங்க. அது உறையை விட்டு வெளியவே வராத கேமராவாம். கையோட கட்டத்தாளையும் சுருட்டி எடுத்துட்டுப் போயிருந்தேன். கடை ஷட்டர்ல ஒட்டிப் பார்த்தேன்.

அதே கோணல். அதே இடம். புள்ளிக்கு வலது, கீழ.

மூணு கேமரா, மூணு கம்பெனி, ஒரே இடத்துல கோணல். எனக்குப் பளிச்சுன்னு ஒண்ணு தோணுச்சு. பேருதான் வேற வேற, உள்ள போடற கண்ணாடியை எல்லாரும் ஒரே இடத்துலதான் வாங்கறான். அங்க அச்சே கோணல். இதை ரெஜினாம்மாகிட்ட விளக்கமா சொன்னேன். அவங்க என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, கேமராவைப் பார்க்கல.

"சார், எப்பவும் வலது கண்ணாலதான் பார்ப்பீங்களா?"

"ஆமா. வேற எதால பார்க்கறது?"

"நான் இடது கண்ணு. எனக்கு மூணும் நேராத் தெரியுது. ஒரு தடவை இடது கண்ணால பாருங்களேன்."

கோபம் வந்துருச்சு எனக்கு. "என் இடது கண்ணு முப்பத்துநாலு வருஷமா மூடிக்கிட்டே இருந்த கண்ணும்மா. அதுக்கு வேலை தெரியாது"ன்னேன். கட்டத்தாளைச் சுருட்டிக்கிட்டேன். கிளம்பறப்ப அவங்க திரும்பவும், "சும்மா ஒரு தடவை சார்"ன்னாங்க.

மனசு என்னமோ மாதிரி இருக்கு. வெயில் ஜாஸ்தி.

ஜூன் 19, திங்கள்

ஜல்லி வேலை முடிஞ்சது. பொன்னம்பலம் போன்ல, "சனிக்கிழமை நேர் பார்க்க ஆரம்பிச்சிடலாம்ல சார்?"ன்னார். "தாராளமா"ன்னேன். பழைய கேமராவுலயே படம் எடுத்து அனுப்பினேன். ஓட்டையைப் பார்க்காம, சும்மா குத்துமதிப்பா.

ஜூன் 21, புதன்

சரி, ஓட்டைக்கு ஒரு கும்பிடு. கண்ணாடிக் கதவு கடைக்கே போனேன். கட்டத்தாளைப் பிரிச்சதும் கடையே கூடிருச்சு. "அங்கிள் எஞ்சினியரா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிக்கிட்டேன்.

அந்தச் சின்னக் கேமராவைக் கை நீட்டிப் பிடிச்சு, பின்பக்கத் திரையில பார்த்தேன். அடடா! கோடெல்லாம் சும்மா கம்பி மாதிரி நேரா இருக்கு. தொய்வு இல்ல, அழுக்கு இல்ல. எட்ட இருக்கிற கட்டத்தைப் பக்கத்துல இழுத்துக் காட்டுது. கையை வேணும்னே ஆட்டினேன், படம் ஆடல. வாசல் வெயில்ல கொண்டு போய்ப் பார்த்தேன், அப்பவும் திரை தெளிவாத் தெரிஞ்சது. தேதியும் விழுது, மணியும் விழுது. இதைத்தான் இத்தனை நாள் வேண்டாம்னு இருந்தேனா!

வாங்கிட்டேன். தனி பேட்டரிதான், ஆனா ஒண்ணு கூடுதலா வாங்கியாச்சு. வழியில கோமளாவுக்கு மல்லிப்பூ. வீட்டுக்கு வந்து அவளையே ரெண்டு படம் எடுத்தேன். "நரையெல்லாம் தெரியுதே"ன்னு சொன்னாலும் சிரிச்சா. பிரச்சினை ஓட்டையிலதான்னு ஊர்ஜிதமாயிருச்சு. நிம்மதி.

ஜூன் 24, சனி

எப்படி எழுதறதுன்னு தெரியல. நடந்ததை நடந்தபடி எழுதறேன், லைன் டைரி எழுதற மாதிரி.

காலை 7.10. நேர் பார்க்கறதுக்கு முன்னாடி புதுக் கேமராவுல லைனை ஒரு படம் எடுத்தேன். அப்புறம் குனிஞ்சேன். கன்னத்தைத் தண்டவாளத்துக்குப் பக்கத்துல கொண்டு போய், இடது கண்ணை மூடினேன். முப்பதாவது ஸ்லீப்பர் கட்டை பக்கம் லைன் வலது பக்கமா வளைஞ்சிருந்தது. கையை ஆட்டினேன். எட்டு பேர் கடப்பாறை போட்டாங்க. "இழுடா, இன்னும், இன்னும்... நில்!" மூணு இடத்துல நெம்ப வெச்சேன். இன்னும் முழுசா சரியாகல, ஆனா முன்னைக்குப் பரவாயில்லன்னு தோணுச்சு. 8.25-க்கு இன்னொரு படம் எடுத்தேன்.

காத்தமுத்து நூல் பிடிச்சான். தண்டவாளத்தை ஒட்டி நூலை இழுத்துக் கட்டினா, நேரா இருந்தா நூலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல இடமே இருக்கக் கூடாது. இவன் ஸ்கேலை வெச்சுட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"பன்னண்டு மில்லி காட்டுதுங்கய்யா."

"நூல் தொய்வா இருக்கும். இழுத்துக் கட்டு."

இழுத்துக் கட்டினான். பன்னண்டு. நான் கட்டினேன். பன்னண்டு. கேங்ல ஒருத்தனும் என் மூஞ்சியைப் பார்க்கல. கடப்பாறையை ஊனிக்கிட்டு எங்கயோ பார்த்தாங்க. "நூல் சரியில்ல, வேற வாங்கிட்டு வா"ன்னு கத்தினேன். "சரிங்கய்யா"ன்னான்.

சாப்பிடப் போயிட்டுத் திரும்பி வந்தப்ப, தூரத்துலேர்ந்து பார்த்தேன். காத்தமுத்து ஆளுங்களை வெச்சு அதே இடத்துல திரும்ப நெம்பிக்கிட்டிருந்தான். கத்தாம, சத்தமில்லாம. நான் வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு அவசரமா. நான் தண்ணித் தொட்டிப் பக்கம் மறைஞ்சு நின்னு, அவங்க முடிக்கிற வரைக்கும் வெளிய வரல. என் வாழ்க்கையில தண்டவாளத்துக்கிட்ட ஒளிஞ்சு நின்னது இன்னிக்குத்தான்.

சாயங்காலம் வீட்ல டிவியில ஒயர் மாட்டிப் படத்தைப் பார்த்தேன். 7.10 படத்துல லைன் நேரா இருக்கு. 8.25 படத்துல கோணலா இருக்கு. தேதியும் மணியும் அடியில விழுந்திருக்கு. நேரா இருந்ததை நான்தான் கோணலாக்கியிருக்கேன்.

கோமளா பக்கத்துல உட்கார்ந்து காய் நறுக்கிக்கிட்டே பார்த்தா. "படம் நல்லா தெளிவா இருக்குங்க"ன்னா.

ஜூன் 25, ஞாயிறு

கோமளா கோவிலுக்குப் போனதும் கட்டத்துக்கு முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கேமரா எடுக்கல. வெறும் கண்ணு.

இடது கண்ணைக் கையால மூடினேன். கோணல். தொய்வு. அழுக்கு.

வலது கண்ணை மூடினேன்.

நேரா இருக்கு. ஒவ்வொரு கோடும்.

திரும்பத் திரும்ப மாத்தி மாத்தி மூடிப் பார்த்தேன். பத்து தடவை இருக்கும். கோமளா வந்து செருப்பு விடற சத்தம் கேட்டு எழுந்து சட்டையை மடிக்கிற மாதிரி நின்னேன்.

பயமா இருக்கு. இதை டைரியில எழுதலாம், யாரும் படிக்கப் போறதில்ல.

ஜூன் 26, திங்கள்

வேலைக்குப் போனேன். குனியல. இடுப்பு வலின்னு சொல்லிட்டேன். நூல் மட்டும் பிடிக்கச் சொன்னேன். காத்தமுத்து, "நீங்க உக்காருங்கய்யா, நான் பார்த்துக்கறேன்"ன்னு நிழல்ல கல்லைத் துடைச்சுப் போட்டான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஜூன் 28, புதன்

காலையில அவ இட்லி ஊத்திக்கிட்டிருந்தப்ப சமையல்கட்டு வாசல்ல போய் நின்னேன்.

"கோமளா, கேமராவுக்கு ஒண்ணும் ஆகல."

"அதைத்தான நான் அன்னிக்கே சொன்னேன், துணிமூட்டை மேலதான் விழுந்துச்சுன்னு. மூணு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தீங்க. அப்ப எதுக்குப் புதுசு?"

"கோணல் என் கண்ணுல."

அவ கரண்டியைக் கீழே வெச்சா. சத்தம் போடுவான்னு நினைச்சேன். அடுப்பை அணைச்சா. மாவைத் தட்டு போட்டு மூடினா. உள்ள போய்ப் புடவை மாத்திக்கிட்டு, பையோட வந்து நின்னா. "வாங்க"ன்னா. அவ்வளவுதான்.

கண் ஆஸ்பத்திரியில கூட்டம். சொட்டு மருந்து விட்டு, மெஷின்ல தாடையை வெச்சு உள்ள படம் எடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்காரங்களும் ஒரு கேமராவாலதான் பார்க்கறாங்க. அப்புறம் டாக்டரம்மா ஒரு அட்டையை நீட்டினாங்க. குறுக்கும் நெடுக்கும் கட்டம். நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி.

"இதுல எங்கயாவது கோடு நெளியுதா சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கிளம்பறப்பவே என் காலண்டர் தாளையும் டைரியையும் பைக்குள்ள போட்டிருந்தேன். தாளை எடுத்துப் பிரிச்சுக் காட்டினேன். டாக்டரம்மா அட்டையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "இதை யார் போட்டது?"ன்னாங்க.

"நான்தான். கேமராவைச் சோதிக்கறதுக்காக."

விழித்திரையோட நடுவுல நீர் கசியுதாம். வயசானா சிலருக்கு வருமாம். கண்ணுக்குள்ளயே ஊசி போடணும், மாசத்துக்கு ஒண்ணு, முதல்ல மூணு. மேல போகாம நிறுத்தலாம். போனது முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது. சீக்கிரம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னாங்க. "எப்பலேர்ந்து இப்படி?"

"ஜூன் 5"ன்னேன். தேதியோட சொல்ற ஆளு நான். டைரியையே எடுத்துக் காட்டப் போனேன்.

"இல்ல டாக்டர், மார்ச்"னா கோமளா.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"மார்ச்லேர்ந்து காபியைக் கீழே ஊத்தறார். படியில காலை வைக்கிறப்ப தடவறார். தலையை ஒரு பக்கமா சாய்ச்சுப் படிக்கிறார். ரெண்டு தடவை சொன்னேன், 'என் கண்ணைப் பத்தி நீ பேசாதே'ன்னார். அப்புறம் சொல்ல எனக்கும் பயம். சொன்னா நிஜமாயிடுமோன்னு."

டாக்டரம்மா டைரிக்குக் கையை நீட்டினாங்க. எனக்குச் சொட்டு மருந்துல எழுத்தெல்லாம் மசமசன்னு இருந்துச்சு, கோமளாதான் பக்கம் திருப்பினா. அவளே சத்தமாப் படிச்சா: "மார்ச் 19. இந்த வருஷ டைரியில கோடு நெளிச்சலா அச்சடிச்சிருக்கான். கம்பெனிக்கு எழுதணும்."

கிட்டத்தட்ட மூணரை மாசம். முப்பத்துநாலு வருஷம் ஊரான் தண்டவாளத்துல அரை விரக்கடையைக் கண்டுபிடிச்சவன், சொந்தக் கண்ணுல மூணரை மாசம் பார்க்கல. என்ன மனுஷன் நான்.

(இதை ராத்திரியில எழுதல, மறுநாள் காலையில எழுதறேன். சொட்டு மருந்தோட மசமசப்பு தெளிஞ்ச பிறகு.)

ஜூன் 30, வெள்ளி

பொன்னம்பலத்துக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும். "லைனை யார் சார் பார்க்கறது?"ன்னார். எனக்கு வலிச்சுச்சு, ஆனா கேட்க வேண்டிய கேள்விதான்.

"காத்தமுத்து பார்ப்பான். 24-ம் தேதி நான் கோணலாக்கினதை அவன்தான் சரி பண்ணினான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்."

ஜூலை 1, சனி

ஊசி போட்டாச்சு. வலிக்கல. ஆனா பயந்தேன். கோமளா கையைப் பிடிச்சிருந்தா, நர்ஸ் போகச் சொல்லியும் கதவு வரைக்கும் விடல.

ஜூலை 4, செவ்வாய்

ரெஜினாம்மா கடைக்குப் போனேன். பேராசிரியர் கேமராவோட எடுத்துட்டு வந்து, திருப்பிக் கொடுக்க மறந்த உறையைக் கொடுத்தேன். "இடது கண்ணால பார்த்தேம்மா"ன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். வாய் ஜாஸ்தின்னு நான் எழுதினவங்க, என் பழைய கேமராவை வாங்கி உள்ள தூசி எடுத்து, துடைச்சுக் கொடுத்தாங்க. "இதுக்கு ஒரு குறையும் இல்ல சார்"ன்னாங்க.

ஜூலை 10, திங்கள்

லைனை ஒப்படைச்சாச்சு. ரயில்வேலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க, நூல் பிடிச்சாங்க, மெஷின் வெச்சாங்க. எங்கயும் மூணு மில்லிக்கு மேல காட்டல. கையெழுத்துப் போட்டாங்க.

அவங்க வர்றதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை காத்தமுத்துவைக் குனிஞ்சு பார்க்கச் சொன்னேன். தயங்கினான். "உங்க இடத்துல நானாங்கய்யா?"ன்னான். "குனிடா"ன்னேன். கன்னத்தைத் தண்டவாளத்துக்கிட்ட கொண்டு போனான். அவன் மூடினது வலது கண்ணை. அவனும் இடது கண்ணு ஆளு! இத்தனை வருஷம் என் பக்கத்துலயே நின்னவன், நான் கவனிச்சதில்ல. புதுக் கேமராவைக் கை நீட்டிப் பிடிச்சு, திரையில பார்த்து, ஒரு படம் எடுத்தேன். தேதி, மணி, காத்தமுத்து, அவனுக்குப் பின்னாடி கடைசி வரைக்கும் நேரா போற லைன். நல்ல கேமரா. யார் கேட்டாலும் இதையே வாங்கச் சொல்வேன்.

தினமும் காலையில ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால கட்டத்தைப் பார்க்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. தொய்வு இருக்கு. பெருசாகல. கோமளா பென்சிலால அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, பக்கத்துல தேதி எழுதி வெச்சிருக்கா.

ஜூலை 29, சனி

இன்னிக்கு இவருக்கு ரெண்டாவது ஊசி. ரெண்டு கண்ணுலயும் சொட்டு மருந்து விட்டிருக்காங்க, எழுத முடியாது. "நான் சொல்றேன், நீ எழுது, ஒரு முக்கியமான நாளை விடக் கூடாது"ங்கறார். அவர் சொன்னது இது:

"இரண்டாவது ஊசி. காலை 11.40. வலி இல்லை. தொய்வு பென்சில் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. டாக்டர், கசிவு குறைந்திருக்கிறது என்றார். பொன்னம்பலம் அடுத்த சைடிங்குக்கு என்னையும் காத்தமுத்துவையும் சேர்த்தே கூப்பிட்டிருக்கிறார். நான் படம் எடுக்கவும் நூல் பிடிக்கவும்."

சொல்லி முடிச்சு மத்தியானத் தூக்கம் தூங்கறார். இனி எழுதறது நான், கோமளவல்லி. இவர் எழுந்து படிக்கட்டும்.

கல்யாணம் ஆகி முப்பத்தேழு வருஷத்துல இன்னிக்குத்தான் இவர் டைரியில எழுதறேன். முதல் பக்கத்துலேர்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன். டைரிக் கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டாம். கோடெல்லாம் நேராத்தான் இருக்குங்க.